விளக்கு யாருக்காக எரிகிறது

இரண்டு மாதம் ஷெட்டில் நின்ற காரில் சாவியைத் திருப்பினால் மீட்டர் போர்டு முழுக்க விளக்குகள் எரியும். அதில் பதற ஒன்றுமில்லை, நேற்று ஓட்டிய காரிலும் அப்படித்தான் எரியும். வேறுபாடு அடுத்த சில நொடிகளில் தெரியும். தினமும் ஓடுகிற வண்டியில் என்ஜின் பிடித்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். நின்ற வண்டியில் சில அணையாது, சில அணைந்து மறுபடி எரியும். ஏபிஎஸ், ஸ்டீயரிங், டயர், என்ஜின் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத படங்கள் கூட்டமாக வந்து நிற்கும். கையேடு இதற்கு நிறத்தை வைத்து ஒரு விதி சொல்கிறது: சிவப்பு என்றால் வண்டியை எடுக்காதே, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு, பச்சையும் நீலமும் வெறும் தகவல். விதி தவறில்லை. ஆனால் எல்லா விளக்குகளையும் ஒரே ஆள் ஒரே நோக்கத்தோடு ஒரே நாளில் பொருத்தியதுபோல அது பேசுகிறது. உண்மையில் அவை முக்கால் நூற்றாண்டுக் காலத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. சில சொந்தக்காரருக்காக வந்தன, சில கம்பெனியின் வசதிக்காக, பல சட்டத்துக்காக, ஒன்று ஊர்க் காற்றுக்காக. எது எப்போது யாருக்காக வந்தது என்று தெரிந்தவரால்தான், நின்ற வண்டி காட்டும் கூட்டத்தில் எதை முதலில் நம்புவது, எதைப் பொறுத்துப் பார்ப்பது என்று பிரிக்க முடியும். நிறத்தைவிட வயது நல்ல வழிகாட்டி என்பதே இங்கே என் வாதம்.

ஆரம்பத்தில் விளக்கும் இல்லை, முள்ளும் இல்லை. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஓட்டுநர் இறங்கி, சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைக் கழற்றி ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுப்பார். ஆயில் அளவைப் பார்க்க இன்னும் கீழே போக வேண்டும். என்ஜினின் அடிப்பகுதியில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சிறு குழாய்த் திருகுகள் இருந்தன. மேலதைத் திறந்து ஆயில் வந்தால் போதுமான அளவு உண்டு, கீழதைத் திறந்தும் வராவிட்டால் வண்டியைத் தொடக்கூடாது. ரேடியேட்டர் சூட்டுக்கு 1912-இல் ஹாரிசன் பாய்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டோமீட்டர் வந்தது. ரேடியேட்டர் மூடியின் மேல் செருகிய ஒரு வெப்பமானி, அவ்வளவுதான். பானெட்டின் முனையில் நிற்கும் அதன் சிவப்புக் கோட்டை ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். அது அளந்தது தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியின் சூட்டைத்தான், ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. இந்த ஏற்பாடு எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது, தகவல் எதுவும் தானாக வந்து சொல்லவில்லை என்பதுதான். ஓட்டுநர் போய்க் கேட்டால்தான் வண்டி பதில் சொல்லும். கேட்கத் தெரிந்தவர் மட்டுமே அப்போது கார் ஓட்டினார், அல்லது அப்படித் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் நின்ற வண்டி என்பது விதிவிலக்கே இல்லை. அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் ஐரோப்பாவிலும் குளிர்காலம் தொடங்கியதும் பலர் காரைக் கட்டைமேல் ஏற்றி, ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, வசந்தம் வரும்வரை மூடிவைத்தார்கள். கூரையில்லாத காரை உறைபனியில் ஓட்ட யாருக்கு ஆசை? ஏப்ரலில் இறக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது ஒரு சடங்குபோல நிலைத்திருந்தது. கையால் சுற்றிக் கிளப்பும் என்ஜினுக்கு மேக்னெட்டோவே பொறி கொடுத்ததால், நின்றதால் இறங்கிப்போகும் பொருள் என்று வண்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதை மாற்றியது ஒரு வசதிதான். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக்கில் வந்தது. நம்மூரில் இன்றைக்கும் அதை ‘செல்ஃப்’ என்கிறோம். செல்ஃப் வந்ததும் பெரிய பேட்டரி வேண்டியிருந்தது, பேட்டரிக்கு டைனமோ வேண்டியிருந்தது, டைனமோ வேலை செய்கிறதா என்று காட்ட ஒரு கருவி வேண்டியிருந்தது. 1919-இல் மாடல் டி-க்கு மின் ஸ்டார்ட்டர் கிடைத்தபோது கூடவே அம்மீட்டரும் வந்தது. பேட்டரியோடு காருக்கு ஒரு புது நோயும் வந்தது: ஓட்டாமல் இருந்தாலே கெட்டுப்போவது.

அம்மீட்டர் முள்ளின் இடத்தில் விளக்கை வைத்தவர்களில் முன்னோடி ஹட்சன் கம்பெனி. 1930-களில் அதன் கார்களில் ஆயில் அழுத்தத்துக்கும் டைனமோவுக்கும் முள்ளுக்குப் பதில் சிவப்பு விளக்குகள் வந்தன. விளக்கு மானியைவிட மலிவு என்பது உண்மை. கம்பெனியின் வசதி அதில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த விளக்கை இணைத்த விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. சார்ஜ் விளக்கின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரிக்குப் போகும், மறுமுனை டைனமோவுக்குப் போகும். சாவி போட்டு என்ஜின் ஓடாதபோது டைனமோ முனையில் வோல்டேஜ் இல்லை. எனவே பேட்டரியின் மின்சாரம் விளக்கு வழியாக இறங்கி எர்த் ஆகும், விளக்கு எரியும். என்ஜின் பிடித்து டைனமோ பேட்டரியின் வோல்டேஜை எட்டியதும் இரண்டு முனையும் சமமாகிவிடும், மின்சாரம் ஓட வழியில்லை, விளக்கு அணையும். எரிய வைக்கவும் அணைக்கவும் தனி ஸ்விட்ச் கிடையாது. பின்னால் ஆல்டர்னேட்டர் வந்தபோது, பல வடிவங்களில் இந்த விளக்கின் வழியே போகும் அற்ப மின்சாரம்தான் ரோட்டரின் காந்தத்தை எழுப்பியது. பல்பு பீஸ் போனால் எச்சரிக்கை இல்லாமல் போவது மட்டுமல்ல, சார்ஜே ஏறாமலும் போகலாம். ஆயில் விளக்கும் இதே போக்குத்தான். என்ஜினில் அழுத்தம் இல்லாதபோது ஸ்விட்ச் எர்த்தைத் தொட்டிருக்கும், அழுத்தம் ஏறியதும் விலகும். ஆக இவ்விரண்டும் என்ஜின் கிளம்பும் முன் எரிவது நாடகமல்ல. டைனமோ சுற்றவில்லை, ஆயில் ஏறவில்லை என்ற அந்த நேரத்து உண்மையையே அவை சொல்கின்றன. அதனால்தான் எரிந்து அணையும்போது பல்பு, ஒயர், ஸ்விட்ச், டைனமோ, பம்ப் எல்லாமே ஒருசேரச் சோதிக்கப்பட்டுவிடுகின்றன.

நின்ற வண்டிக்கு இந்த இரண்டும்தான் மூத்த சாட்சிகள். இரண்டு மாதம் நின்ற என்ஜினில் ஆயில் மேலிருந்து வடிந்து கீழே சேர்ந்திருக்கும். பம்ப் அதை மறுபடி வழிகளில் நிரப்ப வேண்டும். ஆகவே ஆயில் விளக்கு வழக்கத்தைவிட ஓரிரு நொடி கூடுதலாக நிற்பது இயற்கை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் அது அணையக் காத்திருப்பதுதான் முறை. பத்து நொடி ஆகியும் அணையாவிட்டால் சாவியைத் திருப்பி நிறுத்திவிட வேண்டும், மற்ற விளக்குகள் எதைச் சொன்னாலும் சரி. சாவி போட்டதும் இந்த விளக்கு எரியவே இல்லையென்றால் அது நல்ல செய்தியல்ல. எலி கடித்த ஒயரோ, பீஸ் போன பல்போ காரணமாக இருக்கலாம். காவல்காரன் இல்லாத வீட்டில் சத்தம் வராததைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு ஒரு பழைய மறுப்பு உண்டு. விளக்கு வந்ததும் ஓட்டுநர் மந்தமானார், முள் இருந்தவரை அவர் போக்கைப் படித்தார், சூடு மெல்ல ஏறுவதைக் கண்டு ஓரங்கட்டினார், விளக்கோ காரியம் கெட்டபிறகு அறிவிக்கிறது என்பார்கள். ‘முட்டாள் விளக்கு’ என்ற கேலிப்பெயர் அமெரிக்காவில் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மறுப்பில் பாதி சரி. ஆயில் ஸ்விட்ச் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் தொடும். நெடுஞ்சாலை வேகத்தில் அது எரியும்போது பேரிங் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். ஆனால் முள் இருந்தால் எல்லோரும் பார்த்தார்கள் என்பது வரலாறு ஒப்பாத கற்பனை. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை எடுத்துக்கொள்வோம். அதில் சூட்டுக்கு முள் கிடையாது, 1962 மாடல் வரை பெட்ரோல் முள்ளும் கிடையாது. காலால் திருப்பும் ஒரு ரிசர்வ் குழாய் மட்டும் உண்டு. டைனமோவுக்குச் சிவப்பு விளக்கு ஒன்று, ஆயிலுக்குப் பச்சை விளக்கு ஒன்று. காற்றால் குளிரும் அந்த என்ஜினில் டைனமோவையும் குளிர்விக்கும் விசிறியையும் ஒரே பெல்ட் சுற்றியது. பெல்ட் அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும். சார்ஜ் நின்றது என்பது அப்போது சின்னச் செய்தி, என்ஜின் வேகப்போகிறது என்பதே பெரிய செய்தி. கோடிக்கணக்கான மக்கள் ஒரு சிவப்புப் புள்ளியை நம்பி அந்தக் காரை உலகமெங்கும் ஓட்டினார்கள். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காரிலும் இக்னிஷனுக்கும் ஆயிலுக்கும் விளக்குதான். இன்னொரு பக்கம், முள் என்று நாம் நம்புவது எப்போதும் முள் அல்ல. மஸ்டா மியாட்டாவில் 1990 முதல் நிஜமான ஆயில் அழுத்த மானி இருந்தது. 1995 மாடலில் அதே முள்ளுக்குப் பின்னால் வெறும் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் வந்துவிட்டது. அழுத்தம் கொஞ்சம் இருந்தால் முள் நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் விழும். விளக்கே முள் வேஷம் கட்டி நிற்கிறது. இன்றைய கார்களில் சூட்டு முள் பெரும்பாலும் நடுவிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் இந்த வகைதான். அசையும் முள் வாடிக்கையாளரைப் பயமுறுத்துகிறது, பயந்தவர் சர்வீஸுக்கு வந்து நிற்பார். ஆக விளக்கா முள்ளா என்ற சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. யார் முடிவெடுத்து யாருக்குச் சொல்கிறார்கள் என்பதே கேள்வி.

1960-கள் வரை அந்தப் பேச்சு வண்டிக்கும் சொந்தக்காரருக்கும் இடையில் மட்டும் நடந்தது. 1965-இல் கார்களின் ஆபத்தை அம்பலப்படுத்திய ரால்ஃப் நேடரின் புத்தகம் வந்தது, மறு ஆண்டு அமெரிக்க காங்கிரஸ் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1968 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த முதல் விதிகளில் ஒன்று பிரேக்கை இரண்டு தனித் தனிச் சுற்றுகளாகப் பிரிக்கச் சொன்னது. கேடிலாக் 1962-லேயே செய்த காரியம்தான். ஒரு சுற்றில் கசிந்தாலும் மறுசுற்று வண்டியை நிறுத்தும். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பழைய ஒற்றைச் சுற்றில் கோளாறு வந்தால் பெடல் தரையைத் தொடும், யாருக்கும் தெரிந்துவிடும். இரட்டைச் சுற்றில் பாதி போனாலும் வண்டி எப்படியோ நிற்கும், ஓட்டுநர் அப்படியே மாதக்கணக்கில் ஓட்டுவார், மறுபாதி போகும் நாளில் விபத்து. பாதுகாப்பு ஏற்பாடே பழுதை மறைத்துவிடுவதால் அதை வெளியே சொல்ல ஒரு விளக்கைச் சட்டம் கட்டாயமாக்கியது. அதோடு, என்ஜினைக் கிளப்பும் முன் அந்த விளக்கு ஒருமுறை எரிந்து காட்ட வேண்டும் என்றும் எழுதிவைத்தது. ஹட்சன் காலத்தில் ஒயரிங்கின் இயல்பாக இருந்த எரிந்து அணைவது இப்போது சட்டத்தின் வாக்கியமாகிவிட்டது. பிரேக் விளக்கைத் தானாக எரிய வைக்க எந்த இயல்பும் இல்லாததால் அதைச் சோதனைக்கென்றே எரிய வைக்க வேண்டியிருந்தது. 1978-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் பாஷ் கம்பெனியின் ஏபிஎஸ் வந்தபோதும், பின்னால் ஏர்பேக் வந்தபோதும் இதே வழி. சாவி போட்டதும் அந்த விளக்குகளைக் கணினி எரிய வைத்து அணைக்கிறது. அது சோதிப்பது விளக்கையும் தன்னையும்தான். ஆயில் விளக்கு அணைவதில் உள்ள உறுதி ஏர்பேக் விளக்கு அணைவதில் கிடையாது. அங்கே ஒரு பெட்டி, தனக்குள் எல்லாம் சரி என்று சொல்லிக்கொள்கிறது, நாம் அதை நம்புகிறோம்.

சட்டம் விளக்கோடு நின்றுவிடவில்லை, ஒரு கட்டத்தில் வண்டியையே பிடித்து நிறுத்தப் பார்த்தது. 1974 மாடல் அமெரிக்கக் கார்களில் முன் சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் மாட்டாவிட்டால் என்ஜின் கிளம்பாது. சீட்டில் வைத்த மளிகைப் பையையும் நாயையும்கூட அந்த அமைப்பு ஆளாக எடுத்துக்கொண்டது என்ற புகார்கள் குவிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் காங்கிரஸ் அந்த விதியை ரத்து செய்ததோடு, பெல்ட் எச்சரிக்கை ஒலி எட்டு நொடிக்கு மேல் கட்டாயமாக இருக்கக்கூடாது என்று எல்லையும் போட்டது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் பெல்ட் நினைவூட்டலும் வேக எச்சரிக்கையும் கட்டாயமானபோது சட்டத்தோடு மல்லுக்கட்டாமல் சந்தையே வழி கண்டுபிடித்தது: பெல்ட்டுக்குப் பதில் கொக்கியில் செருகி ஒலியை அடக்கும் உலோகத் துண்டு. ஆன்லைனில் விற்ற அவற்றை எடுக்கச் சொல்லி நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவிட வேண்டியிருந்தது. தனக்காக எரியும் விளக்கை யாரும் காசு கொடுத்து அணைப்பதில்லை. அரசுக்காக எரிகிறது என்று தோன்றும் விளக்கை அணைக்க ஒரு தொழிலே கிளம்பும்.

அப்படி எல்லோரையும் குழப்பும் விளக்கு மஞ்சள் என்ஜின் படம்தான். அதன் ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ். 1950-களின் தொடக்கத்தில் கால்டெக் கல்வி நிறுவனத்தின் ஆரி ஹாகன்-ஸ்மிட், அந்த நகரத்தின் கண் எரிக்கும் புகைமூட்டம் கார்ப் புகையின் மேல் வெயில் படுவதால் உண்டாகிறது என்று காட்டினார். 1967-இல் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் அமைந்தது, அதன் முதல் தலைவரும் அவரே. 1970-களின் நடுவில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தபோது வாரியத்துக்கு ஒரு தலைவலி: பிரேக் கெட்டால் ஓட்டுநருக்குத் தெரியும், புகை கெட்டால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. வண்டி நன்றாக ஓடும், ஊர்தான் இருமும். முதலில் வந்த தீர்வு விசித்திரமானது. அந்தக் கால வால்வோ போன்ற கார்களில் 30,000 மைல் ஆனதும் ஓர் ஆக்சிஜன் சென்சார் விளக்கு எரியும். சென்சார் நல்லா கெட்டா என்று அந்த விளக்குக்குத் தெரியாது, மைல் எண்ண மட்டும் தெரியும். 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களில் கணினி வைத்தபோது ‘செக் என்ஜின்’ விளக்குக்கு முதல்முறையாக விவரம் தெரிந்தது. டேஷுக்கு அடியில் உள்ள இணைப்பில் இரண்டு ஊசிகளை ஒரு பேப்பர் கிளிப்பால் சேர்த்துச் சாவியைப் போட்டால் விளக்கு ஒருமுறை மின்னும், சற்று நிற்கும், இருமுறை மின்னும்: 12. என்ஜின் சுற்றவில்லை என்று அர்த்தம், அதாவது கணினி விழித்திருக்கிறது. அடுத்து வரும் எண்கள்தான் கோளாறு. ஒரு பல்பையும் ஒரு கிளிப்பையும் வைத்து மெக்கானிக்குகள் பத்தாண்டுக் காலம் வேலை பார்த்தார்கள். கோளாறைத் தானே கண்டு சொல்லும் இத்தகைய அமைப்பை (ஓபிடி) கலிஃபோர்னியா 1988 மாடலிலிருந்து கட்டாயமாக்கியது. அதன் இரண்டாம் வடிவமான ஓபிடி-2 1996-இல் அமெரிக்கா முழுவதும் வந்தது. இந்தியாவுக்குள் அது பிஎஸ்-4 புகை விதிக் காலத்தில், 2013 ஏப்ரல் முதல் நுழைந்தது.

நின்ற வண்டியின் சொந்தக்காரர் புரிந்துகொள்ள வேண்டியது இந்த விதிகளின் கணக்கு. மற்ற விளக்குகள் நொடியை எண்ணுகின்றன, என்ஜின் விளக்கு பயணத்தை எண்ணுகிறது. பெரும்பாலான கோளாறுகளில் ஒருமுறை கண்டதும் கணினி குறித்துக்கொள்ளும், விளக்கை எரிக்காது. அடுத்த முழுப் பயணத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் எரிக்கும். சரியான பிறகும் தொடர்ந்து மூன்று பயணங்களில் கோளாறு இல்லை என்று உறுதியானால்தான் அணைக்கும். நினைவில் உள்ள குறியீடு அழிய, என்ஜின் நாற்பது முறை சூடேறி இறங்க வேண்டும். தினம் அலுவலகம் போகும் காருக்கு இது ஒரு வாரம், சில வாரம். மாதம் இரண்டு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கும் காருக்கு இது மாதங்கள், நாற்பது என்பது ஒன்றரை ஆண்டுக்கும் மேல். ஆகவே அரிதாக ஓடும் காரில் எரியும் என்ஜின் விளக்கு இன்றைய செய்தியாக இருக்க வேண்டியதே இல்லை. தீபாவளிக்கு முந்திய ஒரு கோளாறு பொங்கலுக்குச் சொல்லப்படலாம், சரியாகிப்போன ஒன்று சித்திரை வரை எரியலாம். பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாததால் வந்த ஆவிக் கசிவுக் குறியீடு இதற்கு நல்ல உதாரணம். மூடியைத் திருகிய கையோடு விளக்கு அணையும் என்று எதிர்பார்ப்பவர் மறுநாள் ஷெட்டுக்குப் போய்ப் பணம் கொடுக்கிறார். விளக்கு அணையாமல் நிலையாக எரிவதற்கும் மின்னுவதற்கும் உள்ள வேறுபாடும் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் கன்வர்ட்டருக்குள் போய் அதைப் பொசுக்கும் அளவு மிஸ்ஃபையர் ஆனால், இரண்டாம் பயணத்துக்குக் காத்திராமல் அது அப்போதே மின்னும். மஞ்சள் நிறம் என்று அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

அப்படியானால் அது அரசின் விளக்குத்தானே, எனக்கென்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான், ஆனால் முழு நியாயம் இல்லை. புகையைக் காக்கும் சென்சார்கள்தான் இன்று எரிபொருளையும் அளக்கின்றன, ஊர்க் காற்றுக்காக வந்த விளக்கு சொந்தக்காரரின் மைலேஜையும் காக்கிறது. அதைவிடப் பெரிய மறுப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்கள் சோதனை அறையில் ஒரு மாதிரியும் சாலையில் வேறு மாதிரியும் ஓடும்படி மென்பொருள் வைத்திருப்பதாக அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 4.82 லட்சம் கார்கள். சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு அளவு வரம்பைப்போல 40 மடங்கு வரை போனது, மஞ்சள் விளக்கோ எரியவில்லை. சட்டத்துக்காக எரிய வேண்டிய விளக்கின் ஸ்விட்ச், சட்டம் கண்காணிக்க வேண்டிய கம்பெனியின் கையில்தான் இருக்கிறது. இது விளக்கே வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகாது. ஆனால் எரியாத மஞ்சள் விளக்கு, அணைந்த ஆயில் விளக்கின் அதே நம்பகத்தோடு பேசவில்லை என்பதற்கு ஆதாரம் ஆகும்.

டயர் விளக்கை நான் சுருக்கமாகவே சொல்லப் போகிறேன், ஆனால் அதில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு நின்ற வண்டிக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்கள் கவிழ்ந்த விவகாரத்தில் 2000-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதன்படி 2002-இல் வந்த டயர் அழுத்த எச்சரிக்கை விதி கம்பெனிகளுக்கு ஒரு மலிவான வழியைத் திறந்து வைத்தது: ஏபிஎஸ் சென்சாரை வைத்துச் சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டு, ஒரு டயர் இறங்கினால் கண்டுபிடித்தால் போதும். பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பு வழக்கு போட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட டயர்கள் சேர்ந்து இறங்குவதைத் தவறவிடும் வழியை ஏற்க முடியாது என்று 2003-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திருத்திய விதி, எத்தனை டயரானாலும் பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் சொல்ல வேண்டும் என்றது. 2007 செப்டம்பருக்குள் எல்லாப் புதுக் கார்களிலும் அது வந்தது. நின்ற காரில் நான்கு டயரும் ஒன்றாகத்தான் இறங்கும். ஒப்பீட்டை மட்டும் நம்பும் அமைப்புகள் அங்கே வாயைத் திறப்பதில்லை. காற்றடிக்கும் கடைக்குப் போய் அளந்து பார்ப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

இப்போது மறுபடியும் அந்தக் கூட்டத்துக்கு வருவோம். சின்ன பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர் மணி பேட்டரி சாதாரணம். பூட்டி நிறுத்தினாலும் அலாரம், சாவி ரிசீவர், கணினி நினைவு என்று 30 மில்லியாம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தால் நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர் மணி போகும். 24 நாளில் பாதி காலி. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் வோல்டேஜ் ஒரு கணம் பத்துக்குக் கீழே விழும். மாடல் டி காலத்துப் பேட்டரியிலும் செல்ஃப் அடித்தால் வோல்டேஜ் விழுந்தது, ஆனால் அன்றைக்கு விழுந்ததைப் பார்க்க வேறு யாரும் இல்லை. இன்று ஏபிஎஸ் பெட்டி, மின் ஸ்டீயரிங், ஏர்பேக், கியர் என்று வண்டிக்குள் பல கணினிகள் அந்த ஒரு கணத்தைக் கண்டு, தத்தம் சட்டப்படி தத்தம் விளக்கை எரிக்கின்றன. ஏபிஎஸ் விளக்கு எரிவதால் ஏபிஎஸ் கெட்டதாகாது. அதற்குக் கிடைக்க வேண்டிய வோல்டேஜ் கிடைக்கவில்லை என்று அது புகார் செய்கிறது. 1978-க்குப் பிறகு வந்த அத்தனை விளக்கும் 1930-களின் விளக்கு காவல் காக்கும் பொருளைச் சார்ந்து நிற்கிறது. அதனால்தான் வரிசை வயதுப்படி இருக்க வேண்டும்: முதலில் ஆயில், அடுத்து சார்ஜ், பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுவித்தும் அணையாத பிரேக் விளக்கு. இந்த மூன்றும் சரியானால், மற்றவற்றுக்குப் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஒரு நல்ல ஓட்டம் கொடுத்த பிறகு கணக்குக் கேட்கலாம்.

ஸ்கேனர் போட்டால் எல்லாம் தெரிந்துவிடுமே, வரலாறு எதற்கு என்று ஷெட்டில் கேட்பார்கள். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது நாட்டின் கார்களில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் நின்றது. ஊரடங்கு தளர்ந்து வண்டிகள் வெளியே வந்தபோது ஸ்கேனரில் குறியீடுகள் கொட்டியிருக்கும், அவற்றில் பல வோல்டேஜ் இறங்கியதன் பிள்ளைகள். ஸ்கேனர் ஒவ்வொரு கணினியின் புகாரையும் உண்மையாகத்தான் வாசிக்கிறது. எந்தப் புகார் முதலில் பிறந்தது என்று அது சொல்லாது. குறியீட்டை அழித்தால் கலிஃபோர்னியா விதி இன்னொரு கதவை மூடும்: புகைச் சோதனைக்கு வேண்டிய சுயசோதனைகள் அனைத்தும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அவை முடியப் பல விதமான ஓட்டம் வேண்டும். ஓட்டாத காரை அந்த மாநிலத்துச் சோதனை நிலையம் ‘இன்னும் தயாராகவில்லை’ என்று திருப்பி அனுப்பும். கோளாறு இருப்பதாலல்ல, இல்லை என்று நிரூபிக்கப் போதுமான தூரம் போகாததால்.

மின்சாரக் காரில் இந்தக் கதை முடிந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆயில் இல்லை, புகை இல்லை, டைனமோ இல்லை. ஆனால் அதன் பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கனமான ரிலேக்களை மூட, கதவுப் பூட்டைத் திறக்க, கணினிகளை எழுப்ப இன்னமும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். பல கார்களில் அது பழைய ஈய-அமில வகையே. அது இறங்கிப்போனால், அடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கான மின்சாரம் இருந்தும் வண்டி எழாது, சாவி வேலை செய்யாது, எந்த விளக்கும் எரியாது. பெட்ரோல் காருக்குச் செய்வதுபோல இன்னொரு வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, ஜம்பர் கேபிள் கொடுத்துத்தான் அதை எழுப்புகிறார்கள்.